விழுந்தால் நாட்டுக்கு, விழாவிட்டால்?

ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் எங்கே திரும்பினாலும் லாட்டரிச் சீட்டுதான். டீக்கடை வாசலில் தொங்கும், பஸ் ஸ்டாண்டில் கையில் திணிப்பார்கள், ஒலிபெருக்கி வைத்துக் கூவுவார்கள். 1968-ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது அரசாங்கமே பரிசுச் சீட்டு நடத்த ஆரம்பித்தது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற வாசகம் அப்போது வந்ததுதான். 2003 ஜனவரியில் லாட்டரி விற்பனைக்கே தடை வந்துவிட்டது. சீட்டு போனாலும் வாசகம் மட்டும் நம் வாயில் நிலைத்துவிட்டது.

இந்த வாசகத்தைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும்? 'ஜெயித்தால் பரிசு எனக்கு வேண்டாம், நல்ல காரியத்துக்குக் கொடுத்துவிடுகிறேன்' என்று சொல்லிக்கொண்டு ஒரு போட்டியில் இறங்குவது. அதாவது விழுந்தால் நாட்டுக்கு. சரி, விழாவிட்டால்?

இந்தக் கேள்வி நான் கேட்டதில்லை. எட்டாவது படிக்கும் என் மகள் கேட்டது. புனேவில் எங்கள் குடியிருப்பில் ஒன்பது தமிழ்க் குடும்பங்கள் இருக்கிறோம். ஓர் ஆன்லைன் வினாடி வினாவில் எல்லோரும் ஒரே அணியாகச் சேர்வது, ஜெயித்தால் பரிசுப் பணத்தை ஊர்ப்பக்கம் ஓர் அரசுப் பள்ளி நூலகத்துக்குக் கொடுப்பது என்று பேச்சு கிளம்பியது. எல்லோருக்கும் ஒரே உற்சாகம். அப்போதுதான் அவள், "ஜெயிச்சாத்தான் குடுப்பீங்களாப்பா? தோத்துட்டா அந்தப் பசங்களுக்கு ஒண்ணும் கிடையாதா?" என்றாள். தங்கமணி அதற்கு மேல் ஒரு படி போய், "கையில் இல்லாத பணத்தை தானம் பண்றதுதான் உலகத்திலேயே சுலபமான தானம்" என்று முடித்துவிட்டார்.

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த விஷயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இன்டர்நெட் வழியாக ஆயிரக்கணக்கானவர்கள் கூட்டாக ஒரு போட்டியில் இறங்கி, பரிசை முன்கூட்டியே தானமாக எழுதிவைத்த கதை. பொட்டி தட்டும் நம் கூட்டத்துக்கு நெருக்கமான கதையும்கூட. அதைச் சொல்லாமல் அவளுக்கு பதில் சொல்ல முடியாது என்று தோன்றியது.

பூட்டை உடைத்தால் பத்தாயிரம் டாலர்

1997 ஜனவரி 28-ம் தேதி, அமெரிக்காவின் ஆர்.எஸ்.ஏ. என்ற நிறுவனம் ஒரு வினோதமான போட்டியை அறிவித்தது. ரகசியச் செய்திகளைப் பூட்டி வைக்கும் மென்பொருள் செய்கிற நிறுவனம் அது. 'இதோ சில செய்திகளைப் பூட்டி வைத்திருக்கிறோம், சாவியைக் கண்டுபிடியுங்கள், பரிசு தருகிறோம்' என்றது. பூட்டு விற்கிறவரே திருடனுக்குப் பரிசு அறிவிப்பதா என்று தோன்றும். காரணம் இருந்தது.

அந்த நாட்களில் அமெரிக்க அரசு வலுவான என்கிரிப்ஷன் மென்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப விடவில்லை. 40 பிட் சாவி வரைக்கும் போகலாம், அதற்கு மேல் போவதற்குக் கட்டுப்பாடு. அதனால் அமெரிக்கர்களுக்கு 128 பிட் நெட்ஸ்கேப், நம்மைப் போன்ற மற்றவர்களுக்கு 40 பிட் நெட்ஸ்கேப். இந்தியாவிலும் 1998-ல் வந்த இன்டர்நெட் சேவை உரிமத்தில் அனுமதி கேட்காமல் 40 பிட் வரைக்கும்தான் பயன்படுத்தலாம் என்று விதி வைத்தார்கள். அந்தச் சின்னப் பூட்டுகள் எவ்வளவு சொத்தை என்பதை எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்பதுதான் போட்டியின் நோக்கம்.

பிட் கணக்கைச் சுலபமாகச் சொல்கிறேன். 40 பிட் என்றால் சுமார் 1.1 லட்சம் கோடி சாவிகள். கொத்தில் ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். மலைப்பாக இருக்கிறதா? பெர்க்லியில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் சுமார் 250 கம்ப்யூட்டர்களைச் சேர்த்துக்கொண்டு மூன்றரை மணி நேரத்தில் திறந்துவிட்டார். 48 பிட் பூட்டுக்கு 13 நாள் ஆனது.

அடுத்தது 56 பிட். ஒவ்வொரு பிட் கூடும்போதும் சாவிகளின் எண்ணிக்கை இரண்டு மடங்காகும். ஆகவே 56 பிட் என்றால் 40 பிட்டைப் போல 65,536 மடங்கு, சுமார் 720 கோடி கோடி சாவிகள். பரிசு 10,000 டாலர். ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தால் ஆகிற காரியமில்லை இது. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும்.

மாட்டுக்காரர்கள்

தேர் இழுக்க வந்த கூட்டத்தின் பெயர் டிஸ்ட்ரிப்யூட்டட்.நெட். முயற்சியின் செல்லப் பெயர் 'போவைன்', அதாவது மாட்டினம். அடையாளமே ஒரு பசுமாடுதான். அவர்கள் கொடுத்த சின்ன மென்பொருளை உங்கள் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டால், நீங்கள் வேலை செய்யாமல் மிஷின் சும்மா இருக்கும் நேரத்தில் அது சாவிகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும். உங்களுக்கு ஒதுக்கிய கட்டு முடிந்ததும் 'இதில் இல்லை' என்று தலைமை சர்வருக்குச் சொல்லிவிட்டு அடுத்த கட்டை வாங்கிக்கொள்ளும்.

பரிசை என்ன செய்வது என்ற கேள்வி இங்கேதான் வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து தேடினாலும் சாவி யாரோ ஒருவருடைய மிஷினில்தான் தட்டுப்படும். அவர் மற்றவர்களைவிட அதிகமாக உழைத்தவர் இல்லை, அவருக்கு வந்த கட்டில் அது இருந்தது, அவ்வளவுதான். பத்தாயிரத்தையும் அவருக்கே கொடுத்தால் மற்றவர்களுக்கு மனசு ஒப்பாது. எல்லோருக்கும் பிரித்தால் ஆளுக்கு டீ குடிக்கக்கூடக் காணாது.

அவர்கள் எடுத்த முடிவு இது. சாவி கிடைத்த மிஷின்காரருக்கு 1,000 டாலர். டிஸ்ட்ரிப்யூட்டட்.நெட் செலவுக்கு 1,000 டாலர். மீதி 8,000 டாலர் ப்ராஜெக்ட் குடன்பெர்க்குக்கு. அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட மூன்று லட்சம் ரூபாய்.

ப்ராஜெக்ட் குடன்பெர்க் பலருக்குத் தெரிந்திருக்கும். காப்புரிமை முடிந்த புத்தகங்களை மின்வடிவில் இலவசமாகக் கொடுக்கும் திட்டம். 1971-ல் மைக்கேல் ஹார்ட் என்பவர் இல்லினாய் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரில் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தைத் தட்டச்சு செய்து தொடங்கியது. 1997 ஆகஸ்டில்தான் ஆயிரமாவது புத்தகத்தைத் தொட்டிருந்தார்கள்.

1997 அக்டோபர் 19, 250-வது நாள். மொத்தச் சாவிகளில் பாதியைக்கூடத் தேடி முடிக்கவில்லை, சுமார் 47 சதவீதத்திலேயே பூட்டு திறந்துகொண்டது. உள்ளே இருந்த செய்தியின் சாரம்: இனி இன்னும் நீளமான சாவிக்குப் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இங்கே நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். தானம் என்று அறிவித்ததால்தான் கூட்டம் வந்தது என்று சொல்லிவிட முடியாது. அதே 1997-ல் 'டெஸ்' என்ற இன்னொரு 56 பிட் பூட்டுக்கும் அதே நிறுவனம் 10,000 டாலர் அறிவித்திருந்தது. அதைத் தேட வேறொரு கூட்டணி இறங்கியது. அங்கே தானம் கிடையாது. கண்டுபிடிப்பவருக்கு 4,000, ஒருங்கிணைத்தவருக்கு 6,000 என்று பேசிக்கொண்டார்கள். அதற்கும் கூட்டம் வந்தது, ஜூன் மாதமே திறந்துவிட்டார்கள். ஆகவே தானம் இல்லாமலும் தேர் நகரும். ஆனால் தானம் ஒரு சண்டையைத் தவிர்க்கிறது. 'அவனுக்கு மட்டும் ஏன்?' என்ற கேள்வி எழாமல் பார்த்துக்கொள்கிறது. நாலு பேர் சேர்ந்து சீட்டு வாங்கிப் பரிசு விழுந்த பிறகு பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்களை நம் ஊரில் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இன்னொரு தகவல், நம்மவர்களுக்காக. 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் ஆரம்பமானது. சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு.கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கியது. தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, இலவசமாகக் கொடுப்பதுதான் வேலை. பரிசுப் போட்டி எதுவும் அதன் பின்னால் இல்லை. நம்மைப் போல ஊரைவிட்டு வெகுதூரம் வந்தவர்கள் பலர், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் தட்டினார்கள். அங்கே ஒருவர் கொடுத்த தானமே அவருடைய ராத்திரிதான்.

57 கோடியில் ஒன்று

56 பிட் முடிந்த கையோடு 64 பிட்டுக்குப் போனார்கள். பரிசு அதே 10,000 டாலர். பெரும்பகுதி மறுபடியும் ஒரு லாபநோக்கற்ற அமைப்புக்கு, எந்த அமைப்பு என்பதைப் பங்கெடுப்பவர்களே வாக்களித்து முடிவு செய்வது என்று ஏற்பாடு.

இந்தப் போட்டியில் நானும் இருந்தேன். அசெம்பிள் செய்த செலரான் கம்ப்யூட்டர், டயலப் மோடம், புனேவில் ஒரு வாடகை அறை. லைனில் இருந்துகொண்டே தேட வேண்டியதில்லை என்பதுதான் அந்த மென்பொருளின் அழகு. ஒரு தடவை இணைத்து ஒரு கூடை கட்டுகளை இறக்கிக்கொண்டால் போதும். இணைப்பைத் துண்டித்த பிறகு ராத்திரி முழுக்க மேய்ந்துகொண்டிருக்கும். இல்லாவிட்டால் ஊரிலிருந்து அம்மா எஸ்.டி.டி. போடும்போதெல்லாம் 'எங்கேஜ்டு' என்று வந்து, பிள்ளைக்கு என்ன ஆச்சோ என்று பக்கத்து வீட்டுக்காரர் வரைக்கும் தகவல் போய்விடும்.

நம் வாய்ப்பு எவ்வளவு என்று ஒரு நாள் கணக்குப் போட்டேன். ஒரு கட்டில் சுமார் 26.8 கோடி சாவிகள். என் மிஷினுக்கு ஒரு கட்டை முடிக்க நாலு நிமிஷம். ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் 120 கட்டு. மொத்தக் கட்டுகளோ சுமார் 6,872 கோடி. ஆக, ஒரு ராத்திரி ஓட்டினால் சாவி என்னிடம் தட்டுப்படும் வாய்ப்பு 57 கோடியில் ஒன்று. ஆறு இலக்க லாட்டரிச் சீட்டே பரவாயில்லை :-)

ஜெயிப்போம் என்று நினைத்து யாரும் அதை ஓட்டவில்லை. தினமும் ஒரு பட்டியல் வரும். யார் எத்தனை கட்டு முடித்தார், எந்த அணி எந்த இடம் என்று. காலையில் எழுந்ததும் முதல் வேலை அதைப் பார்ப்பது. 'நேற்றைவிட நாற்பது இடம் மேலே வந்துட்டேன்' என்று ரூம்மேட்டிடம் பீற்றிக்கொள்வேன். அவர் கரண்ட் பில்லை எடுத்துக் காட்டுவார்.

1,757 நாள் ஆனது. ஏறத்தாழ ஐந்து வருஷம். 82 சதவீதத்துக்கு மேல் சாவிகளைத் தேடிய பிறகு, 2002 ஜூலை 14-ம் தேதி டோக்கியோவில் ஒரு சாதாரண 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 மிஷின் சரியான சாவியை அனுப்பியது. இதில் வேடிக்கை என்னவென்றால், சர்வர் பக்கத்தில் ஏதோ கோளாறு. ஐந்து வருஷம் தேடிய சாவி கைக்கு வந்தது ஒரு மாதத்துக்கு யாருக்கும் தெரியவில்லை. ஆகஸ்ட் 12-ம் தேதிதான் கவனித்தார்கள். செப்டம்பரில் உலகத்துக்குச் சொன்னார்கள்.

மொத்தம் பங்கெடுத்தவர்கள் 3,31,252 பேர். அதில் டோக்கியோக்காரரைக் கழித்தால் 3,31,251 பேர் 'விழாதவர்கள்'. அவர்களில் நானும் ஒருவன்.

விழாதவர்கள் கொடுத்தது

இப்போது மகளின் கேள்விக்கு வருவோம். தோற்றவர்களால் யாருக்கு என்ன பிரயோசனம்?

'இந்தக் கட்டில் சாவி இல்லை' என்பதும் ஒரு பதில்தான். நாங்கள் ஒவ்வொருவரும் ஒரு மூலையைக் கூட்டிப் பெருக்கி 'இங்கே இல்லை' என்று சொல்லாமல் இருந்திருந்தால், டோக்கியோ மிஷினுக்கு அந்தக் கட்டு அந்த நாளில் போயிருக்காது. தோற்றவர் உழைப்பு முழுக்க வெற்றிக்குள்ளேயே இருக்கிறது.

அதைவிடப் பெரிய விஷயம் வெளியே நடந்தது. 1998 ஜூலையில் இ.எஃப்.எஃப். என்ற அமைப்பு தனியாக ஒரு மிஷினே கட்டி, டெஸ் பூட்டை 56 மணி நேரத்தில் உடைத்தது. 1999 ஜனவரியில் அந்த மிஷினும் மாட்டுக்காரர்களும் சேர்ந்து 22 மணி 15 நிமிஷத்தில் உடைத்தார்கள். '56 பிட் போதும்' என்று இனி யாரும் முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொல்ல முடியாத நிலை வந்துவிட்டது. 2000 ஜனவரியில் அமெரிக்கா ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைப் பெருமளவு தளர்த்தியது. 2001-ல் டெஸ்ஸுக்கு பதிலாக ஏ.இ.எஸ். வந்தது, அதில் குறைந்தபட்சமே 128 பிட். இந்தப் போட்டிகள் மட்டுமே இதற்குக் காரணம் இல்லை. வணிக நிறுவனங்கள், வழக்குகள், அரசியல் என்று பல கை சேர்ந்தது. ஆனால் மேடையில் சொல்வதற்கு ஒரு கண்கூடான உதாரணம் தேவைப்பட்டது. அதைக் கொடுத்தது இந்தக் கூட்டம்.

2001 ஜூனில் ரிசர்வ் வங்கி இன்டர்நெட் பேங்கிங் நெறிமுறைகளை வெளியிட்டபோது, குறைந்தது 128 பிட் பாதுகாப்பு வேண்டும் என்று சொன்னது. மாதம் பிறந்தால் அப்பா கணக்குக்கு நெட் பேங்கிங்கில் பணம் அனுப்புகிறோமே, அந்த வழி அப்படித்தான் நமக்குத் திறந்தது. 8,000 டாலர் நல்ல தொகைதான். ஆனால் போட்டி உலகத்துக்குக் கொடுத்ததில் அது சின்னப் பங்கு.

அடுத்தவர் மாட்டை தானம் செய்தால்

இதே கதையில் ஒரு கசப்பான கிளை உண்டு. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி. அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவர் 1999-ல் கல்லூரி மிஷின்களில் இந்த மாட்டு மென்பொருளைப் போட்டுவிட்டார். சும்மா கிடக்கிற மிஷின்தானே, நல்ல காரியம்தானே என்று. கல்லூரி அப்படி நினைக்கவில்லை. விஷயம் மாநில அரசிடம் போனது. பயன்படுத்திய நேரத்துக்கு விநாடிக்கு 59 சென்ட் என்று கணக்குப் போட்டு, 4 லட்சம் டாலருக்கு மேல் நஷ்டம் என்றார்கள். பல வருஷச் சிறைத் தண்டனை கிடைக்கக்கூடிய குற்றச்சாட்டுகள். கடைசியில் 2002 ஜனவரியில் சமரசமானது. ஒரு வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு, 2,100 டாலர், 80 மணி நேரம் சமூகப் பணி. சிறை இல்லை.

அந்தச் செய்தி வந்தபோது எங்கள் ஆபீசில் இதுதான் பேச்சு. தண்டனை அதிகப்படி என்றே எல்லோரும் சொன்னோம், நான் இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அடியில் இருக்கும் கேள்வி சரியானது. நீ கொடுப்பது உன்னுடையதா? மிஷின் கல்லூரியுடையது, கரண்ட் கல்லூரியுடையது. ராத்திரி யாரும் இல்லை என்பதற்காகக் கோயில் மாட்டை ஓட்டிப்போய் தானம் செய்ய முடியாது. ஆபீசில் ஆணி பிடுங்க வேண்டிய நேரத்தில் போட்டிக்கு விடை தேடுவதும் அந்தக் கணக்கில்தான் வரும்.

பத்து பலூன்

தானம் என்று சொன்னால் கூட்டம் சேருமா என்பதற்கு ஒரு நேரடிப் பரீட்சையே 2009-ல் நடந்தது. இன்டர்நெட்டின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டின் 40-வது ஆண்டை ஒட்டி, அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்பா ஒரு போட்டி வைத்தது. 2009 டிசம்பர் 5-ம் தேதி நாடு முழுக்கப் பத்து சிவப்பு பலூன்களைப் பறக்கவிடுவோம். பத்தும் எங்கெங்கே என்று முதலில் சொல்லும் அணிக்கு 40,000 டாலர்.

ஜார்ஜியா டெக் அணி, ஜெயித்தால் மொத்தத் தொகையும் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு என்று அறிவித்தது. எம்.ஐ.டி. அணியின் யோசனை வேறு. பலூனைப் பார்த்தவருக்கு 2,000 டாலர். அவரை அணிக்கு அழைத்து வந்தவருக்கு 1,000. அந்த அழைத்தவரை அழைத்தவருக்கு 500. இப்படிப் பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகும். சங்கிலி எவ்வளவு நீண்டாலும் ஒரு பலூனுக்கு 4,000-த்தைத் தாண்டாது, ஆகவே பத்து பலூனுக்கு 40,000 போதும். மீதி விழுந்தால் அது தானத்துக்கு.

ஜெயித்தது எம்.ஐ.டி. பத்து பலூனும் ஒன்பது மணி நேரத்துக்குள். ஜார்ஜியா டெக் ஒன்பது பலூனைக் கண்டுபிடித்து இரண்டாவதாக வந்தது. எம்.ஐ.டி. குழு பின்னால் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் ஒரு கணக்கு உண்டு. தங்கள் பக்கம் 36 மணி நேரத்தில் சுமார் 4,400 பேர், ஜார்ஜியா டெக் பக்கம் மூன்று வாரத்தில் சுமார் 1,400 பேர்.

இதைப் பார்த்து 'பணம்தான் ஜெயிக்கும், தானம் தோற்கும்' என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தானம் என்று சொன்னால் ஒருவர் 'சரி, நானும் வருகிறேன்' என்பார். ஆனால் இன்னும் பத்து பேரைக் கூட்டிக்கொண்டு வர அவருக்குத் தனியாக ஒரு தூண்டுதல் வேண்டியிருக்கிறது. மாட்டுக்காரர்களிடம் அது தினப் பட்டியலாக இருந்தது. எம்.ஐ.டி.யிடம் சங்கிலிப் பணமாக இருந்தது. 'புண்ணியம் கிடைக்கும், வாங்க' என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் கூட்டம் தானாகச் சேராது. கோயில் திருவிழாவுக்கு வசூல் செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், நன்கொடைப் பட்டியலைப் பெயர் போட்டு ஏன் ஒட்டுகிறார்கள் என்று.

ஜெயிக்கிறவர் என்று ஒருவரே இல்லாத ஆட்டமும் இதற்கு முன்பே வந்துவிட்டது. 2007 அக்டோபர் 7-ம் தேதி 'ஃப்ரீ ரைஸ்' என்ற விளையாட்டு ஆரம்பமானது. ஆங்கிலச் சொல்லுக்குச் சரியான பொருள் சொன்னால் அப்போது பத்து அரிசி ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்துக்குப் போகும், விளம்பரதாரர்கள் கொடுக்கும் பணத்தில். முதல் நாள் சேர்ந்தது 830 அரிசி. ஒரு கைப்பிடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அது மூட்டை மூட்டையாகப் பெருகியது. முதலிடம் வராத குழந்தையின் அரிசியும் போய்ச் சேரும்.

மூன்று விஷயம்

இந்தக் கதைகளிலிருந்து குடும்பமாகப் போட்டியில் இறங்குகிறவர்களுக்கு மூன்று விஷயம் எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்குப் படுகிறது.

முதலாவது, பங்கை முன்கூட்டியே எழுதிவையுங்கள். யாருக்கு, எவ்வளவு, செலவுக்கு எவ்வளவு என்று எண்ணால். 1,000, 1,000, 8,000 என்று பூட்டு திறப்பதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பணம் கைக்கு வந்த பிறகு தாராளமாக இருப்பது வேறு சுபாவம், அதை நம்பி இறங்க வேண்டாம்.

இரண்டாவது, கொடுப்பது உங்களுடையதாக இருக்கட்டும். உங்கள் நேரம், உங்கள் மிஷின், உங்கள் கரண்ட் பில். நுழைவுக் கட்டணம் கேட்கும் போட்டியாக இருந்தால் அந்தக் கட்டணத்தை நேராக அந்தப் பள்ளிக்கே அனுப்பிவிடலாமே என்று ஒரு தடவை யோசியுங்கள். பரிசு விழுந்திருக்கிறது, பணம் கட்டுங்கள் என்று வரும் மெயில்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, 'விழாவிட்டால்' என்பதற்கும் ஒரு பதில் எழுதிவையுங்கள். இதுதான் மகள் கேட்டது. தோற்றாலும் குடும்பத்துக்கு இரண்டு புத்தகம் என்று வைத்துக்கொண்டால் ஒன்பது குடும்பத்துக்குப் பதினெட்டுப் புத்தகம். அப்புறம் தங்கமணி சொன்ன குறையும் நீங்கிவிடும். கையில் இல்லாத பணத்தோடு கையில் இருக்கும் பணமும் கொஞ்சம் சேர்ந்துவிடுகிறது அல்லவா.

'இது இல்லை' என்பதும் விடைதான்

ஆர்.எஸ்.ஏ. 2007-ல் தன் பூட்டுப் போட்டிகளை நிறுத்திவிட்டது. இப்போது இந்த வழக்கம் உயிரோடு இருக்கும் இடம் பகா எண் தேடல். 'ஜிம்ப்ஸ்' என்று 1996-ல் தொடங்கிய கூட்டு முயற்சி, மெர்சென் வகைப் பெரிய பகா எண்களைத் தேடுகிறது. ஒரு கோடி இலக்கம் கொண்ட பகா எண்ணை முதலில் கண்டுபிடிப்பவருக்கு இ.எஃப்.எஃப். 1,00,000 டாலர் அறிவித்திருந்தது. 2008 ஆகஸ்டில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் ஒரு மிஷினில் அது கிடைத்தது. 1,29,78,189 இலக்கம். 2009-ல் வந்த பரிசில் 50,000 டாலர் அந்தப் பல்கலைக்கழகக் கணிதத் துறைக்கு, 25,000 தானத்துக்கு. மீதியில் பெரும்பகுதி அதற்கு முன் மற்ற மெர்சென் பகா எண்களைக் கண்டுபிடித்தவர்களுக்கு.

2024 அக்டோபரில் லூக் டுராண்ட் என்ற முன்னாள் என்விடியா பொறியாளர் 4,10,24,320 இலக்கம் கொண்ட ஒரு பகா எண்ணைக் கண்டுபிடித்தார். அதற்காக 17 நாடுகளில் பரந்த கிளவுட் கம்ப்யூட்டர்களை ஓட்டினார். ஜிம்ப்ஸ் கொடுக்கும் பரிசு 3,000 டாலர். அதை அலபாமாவில் கணிதத்துக்கும் அறிவியலுக்குமான ஒரு அரசுப் பள்ளியின் கணிதத் துறைக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். கம்ப்யூட்டர்களுக்கு ஆன செலவோடு ஒப்பிட்டால் அந்தத் தொகை மிகச் சின்னது. ஆனாலும் எதற்காகக் கொடுக்கிறோம் என்பது அதில் தெளிவாக இருக்கிறது.

அதற்கு முந்தைய பகா எண் 2018 டிசம்பரில் கிடைத்தது. இடையில் ஏறத்தாழ ஆறு வருஷம் ஆயிரக்கணக்கான வீட்டு மிஷின்கள் ராத்திரி பகலாக ஓடி, ஒவ்வொரு எண்ணாக எடுத்துச் சோதித்து, 'இது பகா எண் இல்லை' என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்தன. அந்த ஒவ்வொரு 'இல்லை'யும் சோதித்தவர் பெயரில் கணக்கில் ஏறுகிறது. பின்னால் வேறொரு மிஷின் அதைச் சரிபார்க்கிறது. சரிபார்த்துவிட்டால் அந்த எண்ணை மறுபடி யாரும் தொட வேண்டியதில்லை.